ஒரு ஜிபி ரேம், பத்து அங்குலத் திரை, தமிழ்99

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணில் இருந்த சாமான் எல்லாம் கீழே இறங்கியது. பித்தளை அண்டா, ஓடாத டேபிள் ஃபேன், அக்கா கல்யாண ஆல்பம், அதோடு ஒரு மஞ்சப்பையில் சுற்றி வைத்திருந்த என் பழைய நெட்புக், பத்து அங்குலத் திரை வைத்த சின்ன, மலிவான லேப்டாப். அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இதையும் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்ருவமா?" என்றார். போடவேண்டாம்மா என்று கையில் வாங்கிக்கொண்டேன். நீங்கள் படிக்கும் இந்தப் பதிவை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

2009-ல் மதுரையில் வாங்கியது. 17,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனதாக ஞாபகம், அப்பா பாதி போட்டார், பாதி நான் டியூஷன் எடுத்துச் சேர்த்தது. எந்தக் கம்பெனி என்று சொன்னால்கூட உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது, ஏனென்றால் அந்த வருடங்களில் வந்த நெட்புக் எதைப் பிரித்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான்: இன்டெல் ஆட்டம் என்270 பிராசசர், 1.6 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர், 945ஜிஎஸ்இ சிப்செட், ஜிஎம்ஏ 950 கிராபிக்ஸ், ஒரு ஜிபி ரேம், 1024க்கு 600 திரை. எல்லாரும் ஒரு ஜிபியோடு நிறுத்திக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. 2008 ஜூன் 30-க்குப் பிறகு விண்டோஸ் எக்ஸ்பியைப் பொதுவாக விற்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது, ஆனால் இந்த மாதிரி சின்ன, மலிவான கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2010 வரை தொடர்ந்து கொடுத்தது. அதற்குப் போட்ட நிபந்தனைகளில் ஒன்று ரேம் ஒரு ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது. தொழிற்சாலையில் இருந்து வரும்போதே கையைக் கட்டி அனுப்பிய மாதிரி.

ஆனால் நெட்புக் என்ற இனமே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தோடுதான் பிறந்தது, இது பலருக்கு மறந்துபோய்விட்டது. 2007 கடைசியில் வந்த ஆசுஸ் ஈபிசி 701-தான் முதலில் பெரிதாகப் பேசப்பட்டது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி ஃபிளாஷ், அதில் சாண்ட்ரோஸ் என்ற லினக்ஸ். 900 மெகாஹெர்ட்ஸ் செலரானை 630-ல் ஓட்டினார்கள். 4 ஜிபிக்குள் இயங்குதளமும் அடங்க வேண்டும், ஆபீஸ் வேலைக்கான மென்பொருளும் வேண்டும், விலையும் ஏறக்கூடாது என்றால் லினக்ஸ் இல்லாமல் வேறு வழியே இல்லை. பிறகு ஆட்டம் வந்து, ஹார்ட் டிஸ்க் வந்து, எக்ஸ்பி வந்து, லினக்ஸ் போட்டு விற்பது குறைந்துகொண்டே போனது. 2010-ல் ஐபேட் வந்தது, 2012 முடிவதற்குள் நெட்புக் கதையே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

என்னுடையது எக்ஸ்பியோடு வந்தது. எம்.ஃபில். ஆய்வேட்டை முழுக்க இதில்தான் அடித்தேன், 2012-ல். அந்த வருடம் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மின்வெட்டு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் கோவில்பட்டியில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம் என்று தோன்றிய மாதங்கள் அவை. கல்லூரி நண்பர்களின் பெரிய லேப்டாப் எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடும், இது ஆறு செல் பேட்டரியில் ஐந்து மணி நேரம் தாங்கும். என்270-க்கு உச்சபட்சத் தேவையே 2.5 வாட்தான், மொத்த மெஷினும் சேர்ந்து ஒரு சின்ன எல்இடி பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். மொட்டை மாடியில் பாயைப் போட்டு உட்கார்ந்து, திரை வெளிச்சத்துக்கு வந்து மோதும் பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டே மூன்றாம் இயலை முடித்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எனக்கு இந்தப் பெட்டி மேல் பாசம் வந்தது அங்கேதான்.

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது ஒரு நண்பன் பென் டிரைவில் லுபுண்டு 14.04 என்ற எடை குறைந்த லினக்ஸைக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். லினக்ஸ் என்றால் சர்வர் ரூமில் இருப்பவர்களுக்கானது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது புது உலகம். எக்ஸ்பியில் கடைசி நாட்களில் ஆன்டிவைரஸ் ஒன்றே பாதி மெஷினைத் தின்றுகொண்டிருந்தது, லுபுண்டு போட்டதும் அதே பெட்டி மூச்சு விட ஆரம்பித்தது. ஐந்து வருடம் ஓடியது. 2019-ல் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றது, அப்போதுதான் மஞ்சப்பை, பரண்.

சரி, இப்போது திரும்ப உயிர் கொடுத்த கதைக்கு வருகிறேன்.

அடாப்டர் போட்டதும் ஆன் ஆனது, அதுவே சந்தோஷம். பேட்டரி செத்துவிட்டது. அடியில் இரண்டு மூடி, ஸ்க்ரூவைக் கழற்றினால் ஒன்றில் ரேம், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க். செத்துப்போன 160 ஜிபி டிஸ்க்கை எடுத்துவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று போட்டேன். இந்தச் சிப்செட்டில் இருப்பது டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவின் முதல் தலைமுறை, 1.5 கிகாபிட்தான், விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் எப்படியும் போகாது, பிறகு எதற்கு எஸ்எஸ்டி என்று கேட்பவர்கள் உண்டு. வேகம் ஒன்று, காத்திருப்பு ஒன்று. பழைய டிஸ்க்கில் ஒரு சின்னக் கோப்பைத் தேடி ஊசி நகர்ந்து வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும், எஸ்எஸ்டியில் அந்த நகர்வே இல்லை. நெட்புக்குக்குக் காசு செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் அது இதுதான். ரேமையும் 2 ஜிபி டிடிஆர்2 ஆக்கலாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழையது கிடைக்கும். நான் ஆக்கவில்லை. தமிழில் எழுத மட்டும் ஒரு மெஷின், அதற்கு ஒரு ஜிபி போதுமா போதாதா என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

அப்புறம் எந்த லினக்ஸ் என்ற கேள்வி. இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள், வாரம் ஒன்று போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். என்270 வெறும் 32 பிட் பிராசசர், புதிய லினக்ஸ் பலவும் 64 பிட்டுக்கு மட்டும்தான், அந்த ஒரு விஷயமே பாதியைக் கழித்துவிடுகிறது. லுபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் 18.04தான் கடைசி 32 பிட், அதற்கு ஆதரவு 2021-லேயே முடிந்தது. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது, அதில் 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னல் என்ற மையப் பகுதியும் இல்லை. மிச்சம் டெபியன் 12, அதன் மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23, இன்னும் சில. லினக்ஸுக்குப் புதியவர் என்றால் ஆன்டிஎக்ஸ் போடுங்கள், எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கிறார்கள், பழைய கம்ப்யூட்டருக்காகவே அக்கறையாகச் செய்தது. எனக்கு ஒவ்வொரு எம்பியும் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பதால் டெபியன் 12-ஐ எடுத்துக்கொண்டேன்.

டெபியன் 12-ல் எனக்குப் பிடித்த ஒரு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் வைஃபை கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சின்ன நிரல் திறந்த மூலமாக இல்லை என்றால் அதை இன்ஸ்டாலரில் சேர்க்க மாட்டார்கள். வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க நெட் வேண்டும், கோழி முட்டை கதை. 2023 ஜூனில் வந்த 12-ல் இருந்து அவற்றையும் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டார்கள். என்னுடையதில் இருப்பது ஏதரோஸ் கார்டு, அதற்குத் தனி ஃபர்ம்வேரே தேவையில்லை, நேராக வேலை செய்தது. பிராட்காம் கார்டு இருக்கும் நெட்புக் வைத்திருப்பவர்களுக்குத்தான் கண்ணீர்.

இன்ஸ்டால் பண்ணும்போது டெஸ்க்டாப் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், அதில் டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வெறும் அடிப்படை மட்டும் ஏறட்டும், பிறகு தேவையானதை நாமே போட்டுக்கொள்ளலாம். முதல் தடவை பூட் ஆகி கறுப்புத் திரையில் லாகின் கேட்டு நின்றபோது அக்கா மகள் பக்கத்தில் இருந்தாள், எட்டாம் வகுப்பு.

"மாமா, இது சின்னப் புள்ளைங்க விளையாடுற லேப்டாப்பா? படமே வரல?"

"வரும்டா, இன்னும் போடல."

வரத்தான் இல்லை, ஒரு சாயங்காலம் முழுக்க. மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னால் முடியாது என்கிறது. வைஃபை இணைந்திருக்கிறது, பிங் போகிறது, ஆனால் டெபியன் சர்வரில் இருந்து எதையும் எடுத்துக்கொள்ள மறுக்கிறது. ரூட்டரை அணைத்துப் போட்டேன், பாஸ்வேர்டு மாற்றினேன், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன், அதே கதை. கடைசியில் பிழைச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது. இன்னும் என்றால்? தேதியைப் பார்த்தால் 2008 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, அதுதான் பெட்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது, பரணில் கிடந்த வருடங்களில் செத்துப்போயிருக்கிறது. மெஷினுக்கு இது 2008, சர்வரில் இருக்கும் கோப்பெல்லாம் பதினேழு பதினெட்டு வருடம் கழித்து வரப்போகிறவை, எப்படி நம்பும்? இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழும் இதே காரணத்துக்காகத் தள்ளுபடி ஆகும். தேதியைக் கையால் சரிசெய்ததும் எல்லாம் ஓடியது, மறுநாள் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு சிஆர்2032 வாங்கி மாற்றினேன். பழைய கம்ப்யூட்டர் எதைத் தூசி தட்டினாலும் முதலில் தேதியைப் பாருங்கள், தயவு செய்து. எத்தனை பேர் இந்த இடத்தில் வெறுத்துப்போய் மூடி வைத்திருப்பார்களோ.

திரையில் விண்டோக்களை அடுக்கிக் காட்டும் விண்டோ மேனேஜருக்கு ஐஸ்டபிள்யூஎம். க்னோம், கேடிஇ போன்ற முழு டெஸ்க்டாப் எல்லாம் இதில் நினைக்கவே வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇகூட எனக்குக் கனமாகத் தெரிந்தது. ஐஸ்டபிள்யூஎம் வந்து நின்றபோது மொத்தம் 130 எம்பிதான் செலவாகியிருந்தது, மிச்சம் எல்லாம் நமக்கு. அதோடு இசட்ரேம் போட்டேன். இது ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு, பயன்படாமல் கிடக்கும் பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல் அமுக்கி மடித்து ரேமுக்குள்ளேயே அடுக்கிவிடும், பெட்டியில் துணி அடுக்குவது மாதிரி. சுருக்குவதற்கு இசட்எஸ்டிடி, எல்இசட்4 என்று இரண்டு முறைகளைப் பொதுவாகச் சொல்வார்கள். இசட்எஸ்டிடி நன்றாகச் சுருக்கும், ஆனால் இந்த ஒற்றைக் கோர் திணறுகிறது. எல்இசட்4 அவ்வளவு சுருக்காது, வேலை தெரியாமல் முடித்துவிடும். இந்தப் பெட்டிக்கு எல்இசட்4.

இதையெல்லாம் பண்ணியும் பிரவுசர் ஒன்று இருக்கிறதே. ஃபயர்பாக்ஸ் திறந்து ஒரு செய்தித் தளத்துக்குப் போனாலே 500 எம்பி காலி, இரண்டாவது டேப் திறந்தால் மௌஸ் நின்று நின்று நகரும். அது லினக்ஸின் குற்றமும் இல்லை, நெட்புக்கின் குற்றமும் இல்லை, இன்றைக்கு ஒரு செய்தித் தளம் தன் முதல் பக்கத்துக்கு இழுத்துவரும் மூட்டை அப்படி. ஒரு டேப், விளம்பரத் தடுப்பு, வேலை முடிந்ததும் மூடிவிடுவது, இப்படித்தான் நான் வைத்திருக்கிறேன். வீடியோவைப் பிரவுசரில் பார்க்கவே கூடாது. எம்பிவி பிளேயரும், நெட்டில் இருந்து வீடியோவை எடுத்துத்தரும் ஒய்டி-டிஎல்பியும் போட்டு, 360பி, எச்.264 என்ற சுருக்க முறை மட்டும் எடு என்று ஒரு வரி அமைத்துவிட்டால் தடங்கல் இல்லாமல் ஓடும். ஜிஎம்ஏ 950-க்கு எச்.264-ஐத் தானே விரிக்கும் திறமை கிடையாது, எல்லாம் பிராசசர் தலையில்தான் விழும், விபி9, ஏவி1 என்ற புதிய சுருக்க முறைகள் எல்லாம் இதற்கு மலை. 720பி கேட்காதீர்கள், ஸ்லைடு ஷோதான் வரும்.

600 பிக்சல் உயரம் இன்னொரு தொல்லை. ஏதாவது ஒரு அமைப்புப் பெட்டியைத் திறந்தால் கீழே இருக்க வேண்டிய ஓகே பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தையும் மௌஸால் பிடித்து மேலே இழுத்தால் தலைப்புப் பட்டை திரைக்கு மேலே மறைந்து, கீழே இருக்கும் பட்டன் தெரியும். நெட்புக் வைத்திருந்த எல்லாருக்கும் இது விரல் நுனியில் இருந்த வித்தை, புதியவர்களுக்கு யாரும் சொல்லாமல் தெரியாது.

இப்போது தமிழ். நான் இந்தப் பெட்டியை எழுப்பியதே இதற்காகத்தான்.

முதலில் எழுத்துரு. அடிப்படை டெபியனில் தமிழ் எழுத்துரு எதுவும் வராது, தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ எழுத்துருக் குடும்பம் மொத்தத்தையும் இறக்கினால் உலகத்து மொழிகள் எல்லாம் சேர்ந்து வரும், இடத்தை அடைக்கும். லோஹித் தமிழ் மட்டும் போட்டேன், சின்னக் கோப்பு, இந்தத் திரையில் 14 அளவில் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது.

தட்டச்சுக்கு நான் தமிழ்99 ஆள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் முடிவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் எல்லாம் பெரும்பாலும் வலது கைக்கு. எக்ஸ்பியில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பழகியது, ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை வலிக்கும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டு. இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படித்தான், ங-வுக்குப் பின் க வந்தாலும் அப்படித்தான். தமிழில் எந்த மெய்யோடு எந்த மெய் சேரும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்த வேலை. வகுப்பில் இன எழுத்து நடத்தும்போது நான் இதைத்தான் உதாரணமாகக் காட்டுவேன்.

இதை லினக்ஸில் கொண்டுவர இரண்டு வழி. லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ் தன் பங்குக்கு ஒரு தமிழ் விசைப்பலகை வைத்திருக்கிறது, அதற்குக் கூடுதலாக எந்த நிரலும் ஓட வேண்டாம், ஒரு எம்பிகூடச் செலவில்லை. ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். ஆனால் அதில் ஒரு விசைக்கு ஒரு எழுத்து, முன்னால் எந்த எழுத்து வந்தது என்று திரும்பிப் பார்க்கும் வசதி கிடையாது, அதனால் தானாக விழும் புள்ளி இல்லை. புள்ளி விழாத தமிழ்99 எனக்கு வேண்டாம். பிற மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ்ஸும் அதற்கான எம்17என் தொகுப்பும் போட்டேன், 40 எம்பி போல எடுத்துக்கொள்கிறது. எல்லா எம்பியையும் எண்ணி எண்ணிச் செலவழித்தவன் இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

பிறகுதான் நெட்புக்கின் குணம் தெரிந்தது, 2012-ல் எனக்குப் பழகிப்போயிருந்தது, இடையில் பெரிய கீபோர்டில் அடித்து மறந்துவிட்டேன். பத்து அங்குல அகலத்தில் கீபோர்டைத் திணிக்க வேண்டும் என்றால் எதையாவது சுருக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளைச் சுருக்க மனசு வராமல், வலது ஓரத்தில் இருக்கும் நிறுத்தக்குறி விசைகளைப் பாதி அகலத்துக்குச் சுருக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி, அரைப்புள்ளியும் சதுர அடைப்பும் அவர்கள் எப்போதாவதுதான் தட்டுவார்கள். தமிழ்99-ல் அந்த ஓரத்தில்தான் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் உட்கார்ந்திருக்கின்றன! ந இல்லாமல் நான் இல்லை, நீ இல்லை. ய-வுக்கு அடுத்த விசை என்டர். "பெயர்" என்று அடித்தால் "பெ" ஒரு வரியில், "ர்" அடுத்த வரியில். எல்லாவற்றையும்விட மனசுக்குக் கஷ்டமானது ழ. அது சாய்கோட்டு விசையில் இருக்கிறது, என் நெட்புக்கில் அதை ஒட்டி மேல் அம்புக்குறியைச் செருகியிருக்கிறார்கள். "தமிழ்" என்று அடிக்கப் போய் "தமி" வரைக்கும் வந்து, கர்சர் மேல் வரிக்குத் தாவிவிடும், புள்ளி அங்கே போய் யாரோ ஒரு எழுத்தின் தலையில் விழும். ஒரு பத்தியில் நான்கு முறை.

இந்த இடத்தில் லினக்ஸ் கைகொடுத்தது. எக்ஸ்மாட்மேப் என்று ஒரு சின்ன நிரல், எந்த விசை எந்தக் குறியைத் தர வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அப்படியே கேட்கும். மேல் அம்புக்குறி விசையையும் சாய்கோடாகவே மாற்றிவிட்டேன், அம்புக்குறியை யாரும் தொடாத மெனு விசைக்குக் கொண்டுபோனேன். இப்போது என் மெஷினில் ழகரத்துக்கு இரண்டு விசை, எதைத் தட்டினாலும் ழ. கேப்ஸ் லாக் விசை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற. இரண்டு வரி எழுதி, ஒருமுறை சேமித்து, முடிந்தது. எனக்கு லினக்ஸ் பிடித்துப்போனதற்குக் காரணம் கேட்டால் இலவசம் என்பதை மூன்றாவதாகத்தான் சொல்வேன், பெட்டி நம் கைக்கு ஏற்ற மாதிரி வளைகிறது என்பதுதான் முதலில்.

எழுதுவதற்கு மவுஸ்பேட் என்ற சின்ன எடிட்டர். லிப்ரேஆபீஸ் ரைட்டரும் இருக்கிறது, திறந்து நிற்க இருபது விநாடிக்கு மேல் ஆகிறது, கடைசியாகப் பக்கம் அமைத்து பிடிஎஃப் எடுக்க மட்டும் போகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் எழுத்துத் திரை) விம் எடிட்டரில் எழுதலாமே என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான டெர்மினல்கள் ஒரு கட்டத்துக்கு ஒரு குறி என்ற கணக்கில் வரைகின்றன, தமிழில் "கொ" என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னால் வந்து, கால் பின்னால் போக வேண்டும், அந்தக் கணக்கு அங்கே உடைந்துபோகிறது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். எக்ஸ் இல்லாத வெறும் கன்சோலில் தமிழ் தெரியவே தெரியாது. எழுத்து சரியாகக் கோர்க்கப்படுவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் புண்ணியம், அதைப் பயன்படுத்தும் சாதாரண எடிட்டர்கள் எல்லாவற்றிலும் தமிழ் அழகாக வருகிறது.

பேட்டரி மட்டும் இன்னும் முடியவில்லை. ஒரு கடையில் புதுசு என்று வாங்கினேன், முதல் வாரம் இரண்டு மணி நேரம் வந்தது, மூன்றாவது வாரம் நாற்பது நிமிடம். பில் இல்லை, கேட்டால் அதற்கு வாரண்டி கிடையாது சார் என்றார்கள். உள்ளே இருப்பது ஆறு 18650 செல்தான், நல்ல செல்லாகப் போட்டு ஒட்டிக்கொடுக்கும் ஒரு அண்ணன் திருநெல்வேலியில் இருப்பதாகச் சொன்னார்கள், அடுத்து அங்கேதான். இதை வீட்டில் நீங்களே பிரித்துச் செய்யாதீர்கள், லித்தியம் செல்லை ஷார்ட் பண்ணினால் தீப்பிடிக்கும்.

பழைய நெட்புக் வாங்க நினைப்பவர்கள் பிராசசர் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். என்270, என்280 என்றால் 32 பிட், நான் சொன்ன கதை. 2010-ல் வந்த என்450, அதற்குப் பின் வந்த என்455, என்550 எல்லாம் 64 பிட் ஓடும், அதில் இன்றைய டெபியன் 13 அப்படியே போடலாம், இதைவிட நிம்மதி. ஆட்டம் இசட்520, இசட்530 கண்டால் விட்டுவிடுங்கள், அவற்றில் ஜிஎம்ஏ 500, வேறு கம்பெனியின் பவர்விஆர் கிராபிக்ஸ், லினக்ஸில் படம் வரும், வேகம் வராது. என்2600, என்2800-க்கும் அதே வியாதி. விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் சரி.

என் பெட்டிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு. ஃபயர்பாக்ஸ் 144-ஓடு 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, நீண்டகாலப் பதிப்பான 140-க்குக் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குரோம் 2016-லேயே போய்விட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை. டெபியனைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் பார்க்கும் வேலை, நாலு பேர் வைத்திருக்கும் மெஷினுக்காக எத்தனை வருடம் சுமப்பார்கள், அதுவும் புரிகிறது. பிரவுசர் நின்றால் வைஃபையை அணைத்துவிட்டு எழுத மட்டும் வைத்துக்கொள்வேன், பென் டிரைவில் எடுத்து வேறு இடத்தில் இருந்து பதிவேற்றிக்கொள்ளலாம்.

இப்போதைக்குப் பாதி நாள் இது என் கையிலேயே இல்லை. அக்கா மகள் தமிழ்99 கற்றுக்கொள்கிறேன் என்று சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அவள் விரல் சின்னது, பாதி அகல விசை அவளுக்கு அளவாக இருக்கிறது, ய-வை நான் தவறவிடும் அளவுக்கு அவள் தவறவிடுவதில்லை. நேற்று வந்து பார்த்தால் ச, ஞ, ந, ய, ழ ஐந்து விசையிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒவ்வொரு புள்ளி வைத்திருக்கிறாள். ழ-வுக்கு மட்டும் இரண்டு விசையிலும்.